முதல் பேஸ்பால் கிளவுஸ் வாங்கப் போகிறீர்களா? வார்த் துளையைப் பாருங்கள்

ஈரோடு பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே செருப்புத் தைக்கும் பெரியவர் ஒருவரிடம் என் முதல் கிளவுஸைத் தூக்கிக்கொண்டு போனேன். கல்லூரியில் சாஃப்ட்பால் அணியில் சேர்ந்த வருடம் அது. ஆன்லைனில் ஆயிரத்துச் சொச்சத்துக்கு வாங்கியது. உள்ளங்கையில் ‘ஜெனுவின் லெதர்’ என்று தங்க எழுத்து அச்சடித்திருந்தார்கள். இரண்டே மாதத்தில் கட்டைவிரல் பக்கம் பொருக்குப் பொருக்காக உரிய ஆரம்பித்துவிட்டது.

“ஏனுங்க ஐயா, இதுக்குப் பாலீஷ் போட்டாச் சரியாயிடுங்களா?” என்று கேட்டேன். அவர் உரிந்த இடத்தைப் பார்க்கவே இல்லை. கிளவுஸின் துண்டுகளை இழுத்துக் கட்டுகிற தோல் நாடாவான வார் கோத்திருந்த ஒரு துளையை நகத்தால் விரித்து வெயிலுக்கு நேராகப் பிடித்தார். உள்ளே பஞ்சு மாதிரி நார் நாராக இருந்தது. அதன்மேல் மெல்லிய பிளாஸ்டிக் ஏடு, காய்ச்சிய பாலில் படிகிற ஆடை கனத்துக்கு. “தம்பி, இது அடித்தோலுங்க. மேல பெயிண்ட்டு. மொகத்தப் பாத்து வாங்கீட்டீங்க” என்றார். பத்து ரூபாய்கூட வாங்கிக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு எந்தக் கிளவுஸைக் கையில் எடுத்தாலும் நான் முதலில் பார்ப்பது அந்தத் துளையைத்தான். கோவை, ஈரோடு, சேலம், நாமக்கல் பக்கத்துப் பள்ளி, கல்லூரி மைதானங்களில் பேஸ்பாலோ சாஃப்ட்பாலோ புதிதாக ஆட வருகிறவர்கள் என்னிடம் கேட்கிற கேள்விகளை வைத்து இதை எழுதுகிறேன். நம் ஊரில் இதற்கென்று தனிக் கடை தேடினால் கிடைப்பது அபூர்வம். விளையாட்டுச் சாமான் கடையில் ஒரு மூலையில் இரண்டு தொங்கும், மிச்சமெல்லாம் ஆன்லைன். தொட்டுப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் அதை வீணாக்கக் கூடாது.

முதலில் கையும் அளவும்

கிரிக்கெட் ஆடி வளர்ந்தவர்கள் செய்கிற முதல் தவறு, கையை மாற்றி வாங்குவது. “நான் வலது கை ஆட்டக்காரன், வலது கைக் கிளவுஸ் வேணும்” என்று வாங்கிவிடுவார்கள். எறிகிற கை காலியாக இருக்க வேண்டும். வலது கையால் எறிகிறவர் கிளவுஸை இடது கையில் போடுகிறார். ‘ரைட் ஹேண்ட் த்ரோ’ என்று போட்டிருந்தால் அது இடது கையில் மாட்டுவது என்று அர்த்தம். எங்கள் அணியில் ஒரு பையன் மாற்றி வாங்கிவிட்டு, திருப்பி அனுப்பவும் முடியாமல், கடைசியில் இடது கைக்காரன் ஒருவனைத் தேடிப் பிடித்து விற்றான்.

அடுத்தது பந்து. பேஸ்பால் 142 முதல் 149 கிராம், சுற்றளவு 9 முதல் 9¼ அங்குலம். சாஃப்ட்பால் பெயரில்தான் சாஃப்ட். சுற்றளவு 12 அங்குலம், எடை 180 கிராமைத் தொட்டும் தாண்டியும் இருக்கும். நம் கிரிக்கெட் பந்தைவிடக் கனம். அதனால் சாஃப்ட்பால் கிளவுஸில் பந்து வந்து உட்காரும் குழி ஆழமாகவும் அகலமாகவும் இருக்க வேண்டும். பேஸ்பாலுக்கு வாங்கியதில் சாஃப்ட்பாலைப் பிடித்தால் பாதிப் பந்து வெளியே துருத்திக்கொண்டு நிற்கும்.

அளவை அங்குலத்தில் சொல்வார்கள். ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து குழி வழியாக இறங்கி அடிப்பகுதி வரை உள்ள நீளம் அது. தையல்காரர் டேப்பை உள்பக்கம் வளைத்து வைத்து அளந்துவிடலாம். பேஸ்பாலில் பேஸ்களை ஒட்டிய உள்வட்டத்தில் நிற்கிறவர்கள் 11¼ முதல் 11¾ வரை வைத்துக்கொள்வார்கள். பந்தை எடுத்துச் சட்டென்று எறிய வேண்டுமே, குழி ஆழமாக இருந்தால் விரல் தேடும். வெளிவட்டத்துக்கு 12-க்கு மேல். அமெரிக்காவின் பெரிய லீக் விதி 13 அங்குலத்தோடு நிறுத்திவிடுகிறது. மைதானத்தில் எந்த இடத்தில் நிற்க வைப்பார்கள் என்றே தெரியாத புதியவர் பேஸ்பாலுக்கு 12, சாஃப்ட்பாலுக்கு 12½ என்று வாங்கினால் போதும். கேட்சரும் முதல் பேஸில் நிற்பவரும் போடுவது விரல் பிரியாத ‘மிட்’. அது வேறு கதை, உங்கள் பயிற்சியாளர் சொல்கிற வரை அந்தப் பக்கம் போக வேண்டாம்.

தோலைப் படிப்பது எப்படி

சென்னிமலைப் போர்வை வாங்கும்போது நாம் பூவேலையைப் பார்த்துவிட்டு அப்படியே காசை எடுத்துக் கொடுப்பதில்லை. ஓரத்தைத் திருப்பி நூல் நெருக்கத்தைப் பார்க்கிறோம். கருங்கல்பாளையம் சந்தையில் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் யாரும் துண்டுக்குள் கைவிட்டு விலை பேச மாட்டார்கள். கிளவுஸுக்குப் பல்லும் ஓரமும் எல்லாம் அந்த வார்த் துளைதான்; விரல் நுனிகளிலும், வலை கட்டுகிற இடத்திலும், அடியிலும் வரிசையாக இருக்கும். மேல்பரப்பில் எந்தப் பெயிண்டையும் அடிக்கலாம், எந்த ரேகையையும் அச்சுப் பதிக்கலாம். வெட்டிய இடத்தில் அதெல்லாம் நடக்காது.

அங்கே என்ன தெரியும் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மாட்டுத் தோல் நல்ல தடிமனானது. அப்படியே வைத்துக் கிளவுஸ் தைக்க முடியாது. மெஷினில் விட்டுக் குறுக்கே இரண்டு, மூன்று ஏடாகப் பிளக்கிறார்கள். முடி இருந்த மேல் ஏட்டுக்கு ‘கிரெயின்’ என்று பெயர். நார்கள் மிக நுண்ணியதாக, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு நெருக்கமாக இருக்கும் பகுதி அது. உழைப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. கீழே கிடைப்பது ‘ஸ்பிளிட்’. நார் முரடு, பின்னல் தளர்ச்சி. ஸ்பிளிட்டும் மாட்டுத் தோல்தானே? அதனால்தான் ‘ஜெனுவின் லெதர்’ என்று அச்சடிப்பது பொய்யாகாது. அதன்மேல் பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக்கைப் பூசி, ரோமக்கால் மாதிரிப் புள்ளி அச்சுப் போட்டுவிட்டால் தூரத்திலிருந்து பார்க்க ஒன்றுதான்.

துளையின் ஓரத்தை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். நல்ல கிரெயினில் ஓரம் கெட்டியாக, கிட்டத்தட்ட ரப்பர் வெட்டியது போல் நிற்கும்; நார் எளிதில் பிரிந்து வராது. ஸ்பிளிட்டில் பஞ்சு மாதிரிப் பிசிறு கிளம்பும், மேலே பூச்சு தனி ஏடாகக் கோடு போட்ட மாதிரி தெரியும். நிறத்தையும் பாருங்கள். மேலே பழுப்பு, வெட்டிய இடத்தின் நடுவில் சாம்பல் கலந்த நீலம் என்றால் அது குரோம் உப்பில் பதனிட்ட தோல், சாயம் உள்வரை இறங்கவில்லை. அதை வைத்து மட்டும் கிளவுஸைத் தள்ளிவிடத் தேவையில்லை. ஆனால் மேலிருந்து அடிவரை ஒரே நிறமாக இருந்தால் சாயம் போட்டவர் அவசரப்படவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

அப்புறம் மடக்கிப் பாருங்கள். சுண்டுவிரல் பக்கத்துத் தோலை உள்முகமாக மடக்கினால் மேலே சுருக்கம் விழும். முடி முடியாக மெல்லிய சுருக்கம் விழுந்து, விட்டதும் மறைந்தால் நல்ல இடத்தில் வெட்டிய தோல். மாட்டின் முதுகுப் பகுதியாக இருக்கும். கொப்புளம் மாதிரி பெரிய பெரிய மடிப்பாக எழும்பினால் வயிற்றுப் பக்கத்துத் தோல். அங்கே நார் தளர்வு. நாலு மாதத்தில் இழுபட்டு, கிளவுஸ் பழைய பை மாதிரி தொங்கிவிடும். ஒரே கிளவுஸில் உள்ளங்கை முதுகுத் தோலாகவும் பின்பக்க விரல்கள் வயிற்றுத் தோலாகவும் இருக்கலாம். விலைக்கு ஏற்ற சமரசம் அது, தப்பில்லை. உள்ளங்கை வயிற்றுத் தோலாக இருந்தால் கீழே வைத்துவிடுங்கள்.

முகர்ந்தும் பார்க்கலாம். பெயிண்ட் கடை வாசனை அடித்தால் சந்தேகப்படுங்கள். கடைக்காரர் ஒரு மாதிரிப் பார்ப்பார், பார்க்கட்டும்.

எந்த மிருகத்தின் தோல் என்பதையும் எழுதியிருப்பார்கள். ‘ஸ்டீர்’ என்றால் காயடித்த காளையின் தோல்: கனம், முறுக்கு, பழக நாளாகும், பல வருடம் தாங்கும். ‘கிப்’ என்பது கன்றுக்கும் முழு மாட்டுக்கும் இடைப்பட்ட இளம் வயது மாட்டின் தோல். நுண்ணிய ரோமக்கால், எடை குறைவு, அதே சமயம் கெட்டி. ஜப்பான்காரர்கள் இதில் செய்கிற கிளவுஸைத் தொட்டுப் பார்த்தால் ஆசை வந்துவிடும், விலையைப் பார்த்தால் போய்விடும். எருமைத் தோல் நம் நாட்டில் நிறையக் கிடைக்கிறது. பரப்பில் வரி வரியாகச் சொரசொரப்பு இருக்கும், கொஞ்சம் கனம். முகம் அழகில்லை என்றாலும், கிரெயின் எருமைத் தோலில் தைத்த முதல் கிளவுஸ் ஸ்பிளிட் மாட்டுத் தோலைவிட எவ்வளவோ மேல் என்பது என் கட்சி. பன்றித் தோல் மெலிசு, உள்வரிக்கு (லைனிங்) சரி. எட்டு, பத்து வயதுக் குழந்தைக்கு வாங்குகிறீர்கள் என்றால் இதையெல்லாம் மறந்துவிட்டு எடை குறைந்த சிந்தெட்டிக் வாங்கிக் கொடுங்கள். அந்தப் பிஞ்சுக் கையால் ஸ்டீர் தோலை மூடக்கூட முடியாது.

பதனிடுவதைப் பற்றி ஈரோட்டுக்காரனாக ஒரு வார்த்தை சொல்லாமல் போக முடியவில்லை. ஆவாரம்பட்டை, வாட்டில் பட்டை, கடுக்காய் என்று மரச் சாற்றில் வாரக்கணக்கில் ஊறவைத்துத் தோல் பதனிட்ட ஊர் இது. ‘ஈஸ்ட் இந்தியா’ தோல் என்று ஏற்றுமதிச் சந்தையில் பேர் வாங்கிய சரக்கு ஈரோடு, திண்டுக்கல், திருச்சிப் பக்கத்திலிருந்தும் போனது. பட்டைச் சாற்றில் பதமான தோல் விறைப்பாக இருக்கும், கொடுத்த உருவத்தைப் பிடித்துக்கொள்ளும். குரோம் உப்பில் பதமானது சீக்கிரம் முடியும். துவளும், தண்ணீர் பட்டாலும் அவ்வளவாக விறைக்காது. கிளவுஸுக்கு இரண்டு குணமும் வேண்டும். பந்து விழுகிற இடம் துவள வேண்டும், விரல்கள் விறைப்பாக நிற்க வேண்டும். அதனால் குரோமில் பதனிட்டுவிட்டு, எண்ணெயும் கொழுப்பும் ஏற்றுகிறார்கள். சிலர் பட்டைச் சாற்றிலும் மறுபடி போட்டு எடுக்கிறார்கள். சிகாகோவில் 1905-இல் தொடங்கிய ஹார்வீன் என்ற தோல் ஆலை ராலிங்ஸ் கம்பெனியின் உயர்ரகக் கிளவுஸ்களுக்குத் தோல் கொடுத்துப் பேர் வாங்கியது இந்த எண்ணெய் ஏற்றுகிற பக்குவத்தால்தான்.

தையல், வலை, உள்புறம்

தோல் நன்றாக இருந்து வேலை மட்டமாக இருக்கிற கிளவுஸும் உண்டு. இது கொஞ்சம் சுலபமாகக் கண்டுபிடிக்கக்கூடியது; நமக்குத் திருப்பூர் பக்கத்தில் இருக்கிறதே, தையலைத் திருப்பிப் பார்க்கிற பழக்கம் ரத்தத்தில் ஊறியது.

கிளவுஸை உள்வெளியாகத்தான் தைக்கிறார்கள். தைத்து முடித்ததும் ஒவ்வொரு விரலாக வெளியே புரட்டி, கை உருவத்தில் இருக்கும் சூடான இரும்பு அச்சில் மாட்டித் தட்டி உருவம் கொடுக்கிறார்கள். வார் கோப்பது இன்றைக்கும் கைவேலைதான். அதனால் விரல் இடுக்குகளைப் பாருங்கள். இரண்டு தோல் சேரும் தையலுக்கு நடுவே மெல்லிய தோல் பட்டி ஒன்று ஓடும். செருப்பு வேலையில் ‘வெல்ட்’ என்பார்களே, அதுவேதான். அது நேராக, விரல் நுனிவரை ஒரே அகலத்தில் ஓடினால் தைத்தவர் கை பழகிய கை. நடுவில் முறுக்கிக்கொண்டோ, பாதியில் மறைந்தோ போனால் புரட்டும்போது இழுத்துவிட்டார்கள் என்று அர்த்தம். அந்த இடத்தில்தான் பிற்பாடு விடும்.

கையை உள்ளே விட்டு முஷ்டியை மூடித் திறங்கள். உள்வரித் தோல் தனியாகவும் வெளித்தோல் தனியாகவும் நழுவினால் வேண்டாம். உள்ளங்கையில் சுருக்கம் திரண்டு குத்தினாலும் வேண்டாம். பந்து சரியாக அந்த இடத்தில் விழும்போதுதான் அதன் அருமை தெரியும். அடிப்பகுதியில் மெத்தை இருக்கும். நல்ல கிளவுஸில் கம்பளி நமுதா (கம்பளியை அமுக்கிச் செய்த கெட்டித் துணி), மட்டத்தில் ஸ்பான்ஞ்சு. கட்டைவிரலால் அழுத்தி விட்டால் ஸ்பான்ஞ்சு பஸ் சீட்டு மாதிரி உடனே எழும்பும். நமுதா கெட்டியாக, மெதுவாக எழும். ஸ்பான்ஞ்சு ஒரு சீசனில் அப்பளமாகிவிடும்.

கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கும் வலையை அசைத்துப் பாருங்கள். அமெரிக்காவில் 1870-களில் கையுறை போட்டு ஆட வந்தவர்களைக் கேலி செய்திருக்கிறார்கள். ஒருவர் யாருக்கும் தெரியக் கூடாது என்று தோல் நிறத்திலேயே போட்டுக்கொண்டு வந்தார். அப்போது அது வெறும் உறை. செயின்ட் லூயிஸ் அணியின் பந்து வீச்சாளர் பில் டோக், இரண்டு விரலுக்கும் நடுவில் வாரைப் பின்னிக் குழி உண்டாக்கலாம் என்று ராலிங்ஸ் கம்பெனிக்கு யோசனை சொல்லி, 1920-இல் அந்தக் கிளவுஸ் வந்த பிறகுதான் பந்து உள்ளங்கையிலிருந்து குழிக்கு இடம் மாறியது. ஆக வலை தளர்ந்தால் கிளவுஸே போச்சு. வலையைப் பிடித்து இழுக்கும்போது வார் துளைக்குள் வழுக்கிக்கொண்டு வரக் கூடாது. வாரையே இரண்டு விரலில் பிடித்து நெரித்துப் பாருங்கள்; மேலே ஒரு பக்கம் மழமழப்பு, அடிப்பக்கம் இறுக்கமான நார் என்றால் கிரெயின் வார். காகிதம் மாதிரி மொடமொடத்து ஓரம் வெடித்தால், வாங்கிய மாதமே வேறு வார் கோக்கத் தயாராக இருங்கள்.

விலையைப் பற்றி ஒரே ஒரு விஷயம். வில்சன் ஏ2000 (1957-இல் வந்த மாடல், இன்னும் விற்கிறது), ராலிங்ஸ் ஹார்ட் ஆஃப் தி ஹைட் எல்லாம் அமெரிக்காவிலேயே 300 டாலரைத் தொடுகிறவை. வரி, கப்பல் கூலி சேர்த்தால் நம் ஊரில் ஒரு செமஸ்டர் ஃபீஸ். முதல் கிளவுஸுக்கு அது தேவையே இல்லை. மீரட், ஜலந்தர் பக்கத்தில் ஏற்றுமதிக்குத் தைக்கிறவர்களிடம் கிரெயின் தோல் கிளவுஸ் கிடைக்கிறது. கேட்டு வாங்க வேண்டும். ஆன்லைனில் என்றால் விற்பவரிடம் வார்த் துளையைக் கிட்டத்தில் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நான் கேட்டவர்களில் பாதிப்பேர் பதிலே போடவில்லை. அதுவும் ஒரு பதில்தான்.

பழக்குவது

புதுக் கிளவுஸ் பலகை மாதிரி இருக்கும். நல்லதாக இருந்தால் இன்னும் மோசம். அவசரப்படாதீர்கள்.

முதல் வாரம் டிவி பார்க்கும்போது கையில் மாட்டிக்கொண்டு மூடித் திறந்துகொண்டே இருங்கள். கட்டைவிரல் அடியிலும் சுண்டுவிரல் அடியிலும் கதவுக் கீல் மாதிரி இரண்டு மடிப்பு விழ வேண்டும். அந்த இரண்டு இடத்தை மட்டும் கையால் மடக்கி மடக்கி விடுங்கள். நடுவில் புத்தகம் மாதிரி மடிக்காதீர்கள். அப்படி மடிந்தால் குழி விழாது, பந்து தட்டையான இடத்தில் பட்டுத் துள்ளி வெளியே போகும்.

அடுத்து, குழி விழ வேண்டிய இடத்தில் தட்ட வேண்டும். இதற்கென்று மரச் சுத்தி விற்கிறார்கள். வாங்கத் தேவையில்லை. புதுக் கிரிக்கெட் பேட்டைத் தட்டிப் பழக்க வைத்திருப்போமே, அந்த மேலட் போதும். யாராவது கிரிக்கெட் பையனிடம் கடன் கேளுங்கள். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம். ராத்திரி பந்தைக் குழியில் வைத்து ஒரு துணியால் சுற்றிக் கட்டிவிடலாம்; இறுக்க வேண்டாம்.

அதற்குப் பிறகு பந்து பிடிப்பதுதான். முதலில் பத்தடி தூரத்தில், மெதுவாக. வேறு எந்த வழியும் உங்கள் கைக்கு ஏற்ற உருவத்தைக் கொடுக்காது. மைக்ரோவேவில் வைப்பது, குக்கர் ஆவியில் காட்டுவது, கார் சக்கரத்தை ஏற்றுவது என்று யூடியூபில் வருகிற வித்தைகளை எல்லாம் பார்த்துச் சிரித்துவிட்டு விடுங்கள். ஜப்பானில் வெந்நீரில் முக்கிப் பிசைந்து பழக்கும் ‘யுமோமி’ என்ற முறை உண்மையிலேயே இருக்கிறது. ஆனால் அதைச் செய்கிறவர்கள் அதையே வேலையாகச் செய்கிறவர்கள். நம் வீட்டு வெந்நீர் அண்டாவில் செய்தால் எண்ணெய்ச் சத்தெல்லாம் தண்ணீரில் மிதக்கும், கிளவுஸ் காய்ந்து வரட்டியாகும்.

எண்ணெய், வெயில், மழை

காங்கேயத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு தேங்காய் எண்ணெய் போடாதே என்று சொல்வது கஷ்டம். நானே போட்டேன். வீட்டில் செக்கில் ஆட்டியது ஒரு கேன் இருந்தது. இரண்டு கை அள்ளித் தேய்த்தேன். அன்றைக்கு வெண்ணெய் மாதிரி ஆகிவிட்டது. சந்தோஷம் மூன்று நாள். அப்புறம் கனம் கூடியது, மைதானத்துச் செம்மண்ணெல்லாம் அதில் அப்பிக்கொண்டது, மெத்தை ஊறிச் சொதசொதத்தது. மார்கழியில் பாட்டிலில் எண்ணெய் உறைந்து நிற்கிறதல்லவா, தோலுக்குள்ளும் அப்படித்தான். காலைப் பயிற்சிக்கு எடுத்தால் மேலே வெள்ளை வெள்ளையாகப் பூத்திருக்கும்.

எங்கள் அப்பாரு, அதாவது தாத்தா, இதைக் கேட்டுச் சிரித்தார். மாடு கட்டிக் கிணற்றில் கவலை இறைத்த காலத்தில் சாலின் அடியில் தொங்கும் தோல் தும்பிக்கு அவர் எண்ணெய் போட்டவர். “தொட்டுத் தடவோணும் சாமி, ஊத்தக் கூடாது” என்றார். அவர் சொன்ன அளவுதான் சரியான அளவு. நிறமில்லாத, லேனோலின் (ஆட்டு ரோமத்தில் இருக்கும் மெழுகு) கலந்த லெதர் கண்டிஷனர் வாங்கிக்கொள்ளுங்கள். புளியங்கொட்டை அளவு, பழைய பனியன் துணியில் எடுத்து, குழியிலும் கீல் மடிப்புகளிலும் வாரிலும் தடவுங்கள். முதலில் உள்பக்கமாக ஒரு மூலையில் போட்டு நிறம் மாறுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சீசனுக்கு இரண்டு, மூன்று தடவை போதும். மாட்டுக் கால் எலும்பிலிருந்து எடுக்கும் நீட்ஸ்ஃபுட் எண்ணெயை அமெரிக்காவில் பழைய ஆட்கள் போடுவார்கள்; அதுவும் கூடினால் கனம்தான், நிறமும் கறுக்கும். ஷூ பாலீஷ் வேண்டவே வேண்டாம், பந்தெல்லாம் கறை.

ஆடி முடித்ததும் ஷூ பிரஷ்ஷால் வார் இடுக்குகளில் உள்ள மண்ணைத் தட்டிவிடுங்கள். இதை யாரும் செய்வதில்லை. மண் துகள் உப்புத்தாள் மாதிரி வாரை உள்ளிருந்தே அறுக்கிறது. வார் அறுந்த கிளவுஸை எடுத்துக்கொண்டு என்னிடம் வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்குத் துளைக்குள் செம்மண் இருக்கும்.

சித்திரை, வைகாசியில் பைக் டேங்க் கவரிலோ கார் டிக்கியிலோ விட்டுவிடாதீர்கள். கரூர் பரமத்தி வெயில் எத்தனை டிகிரி என்று செய்தியில் சொல்கிற நாட்களில் டிக்கிக்குள் அதைவிடச் சூடு. தோலில் இருக்கிற கொழுப்பு வெளியே கசிந்துவிடும், வார் குச்சியாகிவிடும். மழையில் நனைந்தால் துணியால் ஒற்றி எடுத்து, குழியில் பந்தை வைத்து, ஃபேன் காற்றில் நிழலில் காய விடுங்கள். ஹேர் டிரையரும் வெயிலும் ஆகாது. பொள்ளாச்சி, வால்பாறைப் பக்கம் இருக்கிறவர்களுக்குத் தென்மேற்குப் பருவத்தில் பூஞ்சணம் பிடிக்கும். பிளாஸ்டிக் கவரில் வைத்தால் கட்டாயம் பிடிக்கும். மஞ்சப்பையில் போட்டு, காற்றோட்டமான இடத்தில் மாட்டி வையுங்கள். எங்கள் வீட்டில் அம்மா அதைச் சாமி ரூம் பக்கம் கொண்டு வரக் கூடாது என்று சொல்லிவிட்டதால் திண்ணை ஆணியில் தொங்குகிறது. கிளவுஸுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது.

வார் அறுந்தால்

அறுந்தால் தூக்கிப் போடாதீர்கள். தோல் நன்றாக இருந்தால் வாரை மட்டும் மாற்றி இன்னும் பல வருடம் ஆடலாம். கால் அங்குல அகலத்தில், 72 அங்குல நீளத்தில் கிளவுஸ் வார் தனியாக விற்கிறது. கிடைக்காவிட்டால் தோல் சாமான் விற்கும் கடையில் அதே அகலத்தில் கிரெயின் தோலில் வெட்டித் தரச் சொல்லுங்கள்.

பழைய வாரை உருவுவதற்கு முன்னால் நான்கு பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். நான் முதல் தடவை எடுக்காமல் உருவிவிட்டு, எந்தத் துளையிலிருந்து எந்தத் துளைக்குப் போனது என்று தெரியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்திருந்தேன். எல்லா வாரையும் ஒரேயடியாக உருவவும் கூடாது. வலை ஒரு நாள், விரல் நுனி ஒரு நாள், அடிப்பகுதி ஒரு நாள்.

கோக்க ஊசி வேண்டும். கோணி ஊசியின் காதில் வார் நுழையாது. வார் நுனியைச் சாய்வாகச் சீவி, மெல்லிய கம்பியை மடித்து நுனியில் கொண்டை ஊசி மாதிரி மாட்டி இழுத்தால் வந்துவிடும். கோக்கும் முன் வாரில் கண்டிஷனரை ஒரு தடவு தடவிக்கொண்டால் துளையில் வழுக்கிக்கொண்டு போகும். மழமழப்புப் பக்கம் எப்போதும் வெளியே தெரிய வேண்டும். துளைக்குள் முறுக்கிக்கொண்டால் அந்த இடத்தில்தான் முதலில் அறும். ஒவ்வொரு துளையிலும் இழுத்து இறுக்கிக்கொண்டே போங்கள், கடைசியில் ஒரே இழுப்பாக இழுத்துச் சரிசெய்யலாம் என்று விட்டுவிடாதீர்கள்.

பொறுமை இல்லாதவர்கள் செருப்புத் தைக்கிறவரிடம் போகலாம். போட்டோவைக் காட்டினால் போதும், அரை மணி நேரத்தில் முடித்துவிடுவார்கள். பஸ் ஸ்டாண்ட் பெரியவர் என் இரண்டாவது கிளவுஸுக்குக் கோத்துக் கொடுத்தபோது, முடிச்சுப் போட்ட பிறகும் வாரின் நுனியை இரண்டு அங்குலம் தொங்க விட்டிருந்தார். அழகாக இல்லையே என்று வெட்டப் போனேன். “வெட்டாதீங்க தம்பி. புது வாரு இழுபடும். ஒரு வாரம் வெளையாடிட்டு வாங்க, அவுத்து இன்னொரு கட்டுக் கட்டித் தாரேன்” என்றார்.